குடத்தில் வெட்டிய ஊர்

1

தொட்டியத்தில் இருக்கும் என் சின்னண்ணன் மாதம் தவறாமல் எனக்குக் கடிதம் எழுதுகிறவர். சென்ற மாதக் கடிதத்தில் இரண்டு விஷயங்கள் இருந்தன. நம் ஊர் வாசகசாலை மலருக்கு இலங்கை வாழ்க்கையைப் பற்றி நான் ஏதாவது எழுதித் தரவேண்டும் என்பது ஒன்று. மற்றது, அவர் வழக்கமாகக் கேட்கிற கேள்வி. ரயில்வேயில் வேலை பார்க்கிறவர் ஆதலால் நடுநடுவே இங்கிலீஷ் வார்த்தை போட்டு எழுதுவார்.

"நீ போய் இந்தத் தை மாதத்தோடு இருபத்தைந்து வருஷம் ஆகிறது. இன்னும் அங்கே எத்தனை வருஷம் ஸ்டே? கிழக்குப் பக்கத்து அறையை உங்களுக்கென்று காலியாகவே வைத்திருக்கிறேன்."

கடிதத்தை எனக்குப் படித்துக் காட்டிய மகள் கமலா சிரித்துவிட்டாள். எனக்கே வாசிக்கத் தெரியும். ஆனாலும் மாலை வேளையில் அவள் குரலில் கேட்பது ஒரு பழக்கம்.

"என்னம்மா மாமா, நாம சத்திரத்துல எறங்கியிருக்கிற மாதிரி கேக்குறாரு!" என்றாள்.

பிறகு அவளும் சிரிக்கவில்லை, அடுப்பருகே இருந்த அவள் அப்பாவும் சிரிக்கவில்லை. அந்த இங்கிலீஷ் வார்த்தை எங்கள் வீட்டுக்கு வருவது அது முதல் தடவை அல்ல. முன்பு ஒரு சர்க்கார் கடிதத்தில் வந்திருந்தது. அதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். எட்டாம் வகுப்பு வரை படித்தவள் நான். நாலு பேர் எதிரே எனக்குப் பேச வராது. எழுதும்போது எதிரே யாரும் உட்கார்ந்திருப்பதில்லை என்ற தைரியம்தான்.

2

நாங்கள் இருப்பது றொசல்ல என்ற சின்ன ஸ்டேஷனுக்கு மேலே. கொழும்பிலிருந்து மலையேறுகிற ரயில் இங்கே வந்து ஒரு நிமிஷம் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு போகும். வருஷத்தில் பாதி நாள் மழை. காவிரிக் கரையில் வாழைத்தோப்பு நிழலை விட்டு வந்த எனக்கு முதல் வருஷம் முழுவதும் கால் விரல் சூடேறவே இல்லை.

வேலை பிள்ளைக் காம்பராவில். காம்பரா என்றால் அறை. கொழுந்து எடுக்கப் போகிற பெண்கள் விடிந்ததும் தங்கள் கைக்குழந்தைகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள். தொட்டில் ஆட்டுவதும் பால் கரைத்துக் கொடுப்பதும் மூக்குத் துடைப்பதும் என் வேலை. பேசாத பிள்ளைகளோடு இருப்பதால் என் கூச்சத்துக்கு அங்கே தொந்தரவில்லை.

என் கணவர் தேயிலை அரைக்கிற ஸ்டோரில் வேலை செய்கிறார். மாலையில் வந்தால் சட்டையிலிருந்து தேயிலை வாசம் வீசும். அவர் இந்தத் தோட்டத்து ஆறாம் நம்பர் லயத்தில் பிறந்தவர். ஒரே வரிசையில் பத்துப் பன்னிரண்டு குடும்பம் இருக்கிற நீளக் கட்டடத்துக்குத்தான் இங்கே லயம் என்று பெயர். பெண் பார்க்க வந்ததும் கல்யாணம் செய்ததும் அவருடைய பெரியப்பாவின் ஏற்பாடு. கல்யாணத்துக்கு வந்த ஒரு வாரத்தைத் தவிர அவர் தொட்டியத்தைக் கண்டதில்லை. அந்த வாரத்திலும் பாதி நாள் காய்ச்சல்.

கமலாவுக்குப் பதினெட்டு வயது. என் அம்மா செத்தபோது மூன்று வயதில் தொட்டியம் வந்தவள். அவளுக்கு நம் ஊரைப் பற்றி ஞாபகம் இருப்பது ஒரு கழுதை மட்டும்தான். கடைக்காரரிடம் சிங்களத்தில் விலை பேசுகிறாள். அவள் தோழி ஒருத்திக்குச் சிங்களத்திலேயே கடிதம் எழுதுகிறாள். நான் சிங்களம் பேசினால் கையால் வாயைப் பொத்திக்கொள்வாள். ஒரு தடவை ஸ்டேஷன் மாஸ்டரிடம், பிள்ளையை அதட்டுகிற வார்த்தையில் நான் ரயில் எப்போது வரும் என்று கேட்டுவிட்டேன். அவர் நல்ல மனிதர். பள்ளிக்கூடத்துப் பையன் போல எழுந்து நின்று பதில் சொன்னார். அன்றிலிருந்து என்னைக் கண்டாலே அவர் எழுந்து நிற்கிறார்.

காவிரியைப் பற்றி, மாரியம்மன் தேரைப் பற்றி நான் சொல்ல ஆரம்பித்தால் கமலா, "சரிம்மா, சரிம்மா" என்பாள். காது வேறெங்கோ இருக்கும். அதற்காக நான் வருத்தப்பட்ட காலம் உண்டு.

3

பிரஜாவுரிமை என்ற சொல்லை நம் ஊரில் நீங்கள் அதிகம் கேட்டிருக்க மாட்டீர்கள். சுதந்திரம் வந்தது, எல்லோரும் இந்தியர் ஆனீர்கள். இங்கே தோட்டத்து ஜனங்கள் அப்படியில்லை. இந்த நாட்டுக்காரர் என்று விண்ணப்பம் போட்டு, விசாரணைக்குப் போய், அதிகாரி நம்பினால்தான் காகிதம் கிடைக்கும். நாங்கள் விண்ணப்பம் போட்டோம். விசாரணைக்குக் கூப்பிடுவதற்குள் கமலா பாவாடையிலிருந்து தாவணிக்கு வந்துவிட்டாள்.

எங்களுக்கு அந்தக் காகிதம் வேண்டியது கமலாவுக்காக. அவள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு உதவியாகப் பாடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஆசிரியப் பயிற்சிக்குப் போக வேண்டும் என்பது அவளுடைய ஆசை. தகப்பனுக்குப் பிரஜாவுரிமை இல்லாமல் அந்த விண்ணப்பத்தை வாங்கவே மாட்டார்கள்.

முதல் விசாரணைக்கு என் கணவர் தனியாகப் போனார். திரும்பி வந்தவர் முகத்தில் சந்தோஷம்.

"ரொம்ப மரியாதையா பேசுனாங்க கமலாம்மா. ஊரு எதுன்னு கேட்டாங்க. தொட்டியம், முசிறித் தாலுக்கான்னு சொன்னேன். கோயிலு, ஆத்தங்கரை எல்லாம் சொன்னேன். பாக்கணும்னு ஆசை இருக்கான்னு கேட்டாங்க. சாகறதுக்குள்ள இன்னொரு தடவையாவது போகணுங்கன்னேன்."

எனக்கும் அது தப்பாகப் படவில்லை. இங்கே யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். ஊர் எது என்றால், தாத்தா கப்பலேறிய ஊரைச் சொல்வார்கள். பக்கத்துக் காம்பரா பேச்சாயியைக் கேட்டால் தாராபுரம் என்பாள். அவளுடைய அம்மாவே இந்த லயத்தில் பிறந்தவள். பிறந்த இடத்தைச் சொன்னால் ஊர் பேர் இல்லாதவர் என்று நினைப்பார்களோ என்கிற கூச்சம் எல்லோருக்கும் உண்டு.

நாலு மாதம் கழித்துக் கடிதம் வந்தது, இங்கிலீஷில். கமலா பள்ளிக்கூடத்து அகராதியை வாங்கி வந்து, விளக்கடியில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். விண்ணப்பதாரர் இலங்கையில் தங்கியிருக்கிறவரே தவிர, இங்கே நிலையாக வாழ்கிறவர் என்று ஒப்புக்கொள்வதற்கில்லை. மறுப்பு இருந்தால் மூன்று மாதத்துக்குள் காரணம் காட்டலாம். இதுதான் சாரம்.

"ரெண்டும் ஒண்ணுதானே? இங்கதானே இருக்கோம்?" என்றார் என் கணவர்.

"இல்லப்பா. ஸ்டேன்னா தங்குறது. லிவ்னா வாழுறது."

"தங்குனாத்தானே புள்ள வாழ முடியும்?"

கமலா அகராதியை மூடிவிட்டாள். அதிலே இருந்ததைச் சொல்லவில்லை, தன்னுடையதைச் சொன்னாள்.

"தங்குறவங்கள பாத்தா எப்ப கெளம்புறீங்கன்னு எல்லாரும் கேப்பாங்க. வாழுறவங்கள யாரும் அப்படிக் கேக்க மாட்டாங்க. அம்புட்டுதாம்ப்பா வித்தியாசம்."

அண்ணனுடைய கடிதங்கள் எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தன. எல்லாக் கடிதத்திலும் அவர் அதைத்தான் கேட்டிருக்கிறார். நான் ஒரு தடவைகூட, அப்படிக் கேட்காதீர்கள் என்று பதில் எழுதியதில்லை.

"அங்க போய் நான் யாருக்குப் பாடம் சொல்லிக் குடுப்பேன்? எனக்கு அங்க ஒரு கழுதையத் தவிர யாரையும் தெரியாது" என்று சொல்லிவிட்டுக் கமலா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவள் அழுதாளா என்று நான் பார்க்கவில்லை. பார்த்தால் நானும் அழுதிருப்பேன்.

4

தோட்டத்துக் கிளாக்கர் ஐயா உதவி செய்தார். இந்த நாட்டில் வேரூன்றி இருக்கிறீர்கள் என்று காட்ட எது கிடைத்தாலும் எடுத்துக்கொண்டு போங்கள் என்றார். பிறப்புச் சாட்சிப் பத்திரம், அரிசிக் கூப்பன் புத்தகம், அம்மை குத்திய காகிதம், கமலாவின் பள்ளிக்கூடச் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் தேடி எடுத்தோம். என் கணவருடைய பிறப்புப் பத்திரத்தில் பூச்சி அரித்திருந்தது. அரிக்காத மூலையில் தோட்டத்தின் பெயர் தப்பித்திருந்தது.

பேச்சாயி வாசலில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காயிதத்தப் பூச்சி திங்கும். பித்தளையப் பூச்சி திங்குமா? அந்த ஏனத்தையெல்லாம் தூக்கிட்டுப் போ அக்கா. எல்லாத்துலயும்தான் பேரு வெட்டிப் போட்டிருக்கியே! தொரை கையில குடத்தக் குடுத்து, படிச்சுக்கங்கன்னு சொல்லு."

வேடிக்கையாகத்தான் சொன்னாள். ஆனால் கமலா எழுந்துபோய்ப் பாத்திரங்களை எடுத்து, வெட்டியிருந்ததை வாய்விட்டு வாசித்துப் பார்த்தாள். நம் ஊரில் போலவே இங்கேயும் பாத்திரம் வாங்கினால் கடையிலேயே பெயரும் ஊரும் வெட்டித் தருவார்கள். இரவல் கொடுத்தது திரும்பி வர வேண்டுமே.

கல்யாணத்துக்கு அம்மா கொடுத்த குடத்தில் தொட்டியம். அது சரிதான். பக்கத்து டவுனான அட்டனில் ஒரு கடையில் கமலா பிறந்த வருஷம் வாங்கிய அண்டாவிலும் தொட்டியம். அதே கடையில் வாங்கிய செம்பு, அதன் மூடி, சாப்பிடுகிற தட்டு எல்லாம் தொட்டியம். பெரிய மனுஷி ஆனபோது கமலாவுக்கென்று வாங்கிய டம்ளரில் 'மு. கமலா, தொட்டியம்' என்று வெட்டியிருந்தது.

பேச்சாயி முதலில் சிரித்தாள். பிறகு நாங்கள் எல்லோரும் சிரித்தோம். சிரிப்பு ஓய்ந்த பின் கமலா டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"இந்த வீட்டுல ஒரு சாமானாவது இந்த ஊருல இருக்கா?"

கேட்டுவிட்டு டம்ளரைக் கழுவி அதன் இடத்தில் வைத்தாள்.

5

இரண்டாவது விசாரணைக்கு மனைவியும் வர வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். அன்று கந்தோரில், அதாவது ஆபீசில், பெஞ்சில் காத்திருந்தோம். புடவைத் தலைப்பைத் திருகித் திருகிக் கயிறாக்கி வைத்திருந்தேன்.

அதிகாரி சிங்களவர், மூக்குக்கண்ணாடி போட்டவர். பக்கத்தில் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் மொழிபெயர்த்தார். முதலில் என் கணவரைக் கூப்பிட்டார்கள்.

"உங்கட ஊர் எது?"

"தொட்டியங்க" என்றார் அவர்.

பிறந்த லயத்தைத்தான் சொல்ல வேண்டும் என்று வீட்டில் ஒரு வாரம் கமலா அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள். பழக்கம் வாயில் முந்திக்கொண்டுவிட்டது. அவரே திடுக்கிட்டு, "அது எங்கப்பா ஊருங்க. நான் பொறந்தது ஆறாம் நம்பர் லயம், மூணாவது காம்பரா. இப்பவும் அங்கதாங்க" என்றார். மொழிபெயர்ப்பாளர் இரண்டையும் சொன்னார். அதிகாரி இரண்டையும் எழுதிக்கொண்டார்.

பிறகு நான்.

"பயப்பிடாமச் சொல்லுங்கோ அம்மா. தாய் செத்து இந்தியாவுக்குப் போனீங்கள். அங்கை எத்தினை நாள்?"

"பதினோரு நாளுங்க."

"காரியம் பதினாறாம் நாள் எல்லோ? அதுக்கு முதல் ஏன் வெளிக்கிட்டனீங்கள்?"

இந்தக் கேள்வியைக் கமலா சொல்லித் தரவில்லை. எனக்கு உண்மையைத் தவிர வேறு எதுவும் தோன்றவில்லை.

"வீட்டுல போட்டது போட்டபடி கெடந்துச்சுங்க."

"எந்த வீட்டிலை?"

"எங்க வீட்டுலதாங்க."

அதிகாரி கோப்பைப் புரட்டி ஏதோ சொன்னார். மொழிபெயர்ப்பாளர் என்னைப் பார்த்து, "உங்கட வீடு தொட்டியம் எண்டெல்லோ இதிலை கிடக்குது" என்றார்.

அப்போது நான் பேசினேன். அவ்வளவு நீளமாக அந்நியர் முன்னால் நான் பேசியது அதுதான் முதல் தடவை.

"அது எங்கம்மா வீடுங்க. அங்க இருந்த பதினோரு நாளும் துணியப் பெட்டியில இருந்து எடுத்து, தொவச்சு, திரும்பப் பெட்டியிலயே வச்சேன். இங்கயும் மொதல்ல அப்படித்தாங்க இருந்தேன். வந்த புதுசுல இவரு செவுத்துல பலகை அடிச்சாரு. போறப்ப பலகையக் கழட்டிக்கிட்டா போகப் போறீங்கன்னு சண்டை போட்டேன். பத்துப் பதினோரு வருசம் அந்தப் பலகையில வெளக்க மட்டுந்தான் வச்சிருந்தேன். அம்மா செத்துத் திரும்பி வர்றப்ப மழையில பெட்டி நனஞ்சு போச்சுங்க. எல்லாத்தையும் எடுத்துப் பலகையில வச்சேன். அப்பறம் பெட்டியில வைக்கவே இல்ல. இப்ப அதுல அரிசி கொட்டி வச்சிருக்கேன்."

மொழிபெயர்ப்பாளர் நிதானமாக, நான் சொன்னதைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டு இங்கிலீஷில் சொன்னார். நடுவில் கையால் பலகை அடிப்பது போலவும் காட்டினார்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"பெட்டியிலை பூட்டு இருக்கோ எண்டு கேக்கிறார்."

"பூட்டு தொலஞ்சு ரொம்ப நாளாச்சுங்க. அரிசியத்தானே வச்சிருக்கோம்."

அதையும் எழுதிக்கொண்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தீர்ப்பு தபாலில் வரும் என்றார்கள். வெளியே வரும்போது மொழிபெயர்ப்பாளர் என் கணவரிடம், "அம்மா நல்லாச் சொல்லிப்போட்டா" என்று மட்டும் சொன்னார்.

ரயிலில் திரும்பும்போது என் கணவர், "நீ பலகைக்குச் சண்டை போட்டத இத்தன வருசம் ஞாபகம் வச்சிருக்கியா?" என்றார்.

"நீங்க மறந்துட்டீங்களா?"

"நானா? அன்னைக்கு அடிச்ச ஆணி கோணலாப் போச்சு. இன்னும் கோணலாத்தான் இருக்கு. தெனமும் பாக்குறேன்."

அண்ணனுக்கு இதை எல்லாம் நான் எழுதவில்லை. காலி அறையை வைத்துக்கொண்டு காத்திருக்கிறவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. இப்போது வாசகசாலையில் எல்லோருக்கும் முன்னால் அவரும் படிக்கப்போகிறார். அண்ணா, மன்னித்துக்கொள்ளுங்கள். அந்த அறையில் அண்ணி நெல் மூட்டை போட்டுக்கொள்ளட்டும். நான் வருவேன். பெட்டியோடு வருவேன். பதினாறு நாளானாலும் இருப்பேன். ஆனால் திரும்பிப் போகிற நாளை முதல் நாளே சொல்லிவிடுவேன்.

6

தீர்ப்பு இன்னும் வரவில்லை. கமலா ஆசிரியப் பயிற்சி விண்ணப்பத்தை எழுதி, அந்த ஒரு காகிதத்துக்கு மட்டும் இடம் விட்டு, உறையில் போட்டு வைத்திருக்கிறாள். தபால்காரர் லயத்துப் பக்கம் திரும்பினால் பிள்ளைக் காம்பராவில் நான் ஆட்டுகிற தொட்டில் தானாக நின்றுவிடுகிறது.

இதற்கிடையில் அம்மா கொடுத்த குடம் அடியில் ஓட்டை விழுந்துவிட்டது. ஈயம் பூசியும் நிற்கவில்லை. பொங்கலுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் அட்டனுக்குப் போய்ப் புதுக்குடம் வாங்கினோம். கடை வாசலில் பெயர் வெட்டுகிறவர் குடத்தை மடியில் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு உளியை எடுத்தார். எப்போதும் வருகிறவர்கள் என்பதால் எங்களைத் தெரியும்.

"பேரு தெரியும். ஊரு தொட்டியந்தானே?"

என் கணவர் வாயைத் திறந்தார். திறந்தபடியே என்னைப் பார்த்தார். கமலாவும் என்னைத்தான் பார்த்தாள்.

"றொசல்லன்னு வெட்டுங்க" என்றேன்.

அவர் உளியை நிறுத்தினார். "காயிதம் வந்துருச்சுங்களாம்மா?"

"இன்னும் இல்லீங்க."

"வந்தப்பறம் வெட்டிக்கலாமே. வெட்டிட்டா அழிக்க முடியாது, பாத்துக்குங்க. அமத்திப் பாத்தா குடந்தான் நசுங்கும்."

"அழிக்க வேணாங்க."

"நீங்க ஒரு தினுசான ஆளுதான்" என்று சொல்லிக்கொண்டே புள்ளி புள்ளியாகத் தட்டத் தொடங்கினார். ஊரின் முதல் எழுத்திலேயே நின்று, "பெரிய றாவா, சின்ன ராவா?" என்றார். அந்தப் பெயரை அவர் இதுவரை யாருக்கும் வெட்டியதில்லையாம். கமலா தரையில் விரலால் எழுதிக் காட்டினாள். அவள் குரல் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லுகிற குரலாக இருந்தது.

மறுநாள் காலை தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் வழக்கம்போல வரிசை. குடங்கள் மழையில் நனைந்து பளபளத்தன. என் முன்னால் நின்ற பேச்சாயிக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் புது எழுத்து அவள் கண்ணுக்குத் தப்பவில்லை.

"இதென்ன அக்கா, ஒங்க ஊரு இம்புட்டு குட்டையா இருக்காதே?"

சொன்னேன். அவள் குனிந்து அந்தப் புள்ளிகளை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு தன் குடத்தைத் திருப்பிக் காட்டினாள்.

"இதுல என்ன இருக்கு?"

"பேச்சாயி, தாராபுரம்."

"தாராபுரம்" என்று அவளும் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பீலியில் குடம் நிறைந்து வழிந்தது. அவள் அதை எடுக்கவில்லை. பின்னால் இருந்தவள் ஒருத்தி சத்தம் போட்டாள்.

"அது இருந்துட்டுப் போவுது அக்கா, எங்க தாத்தா ஊரு" என்றாள் பேச்சாயி. "அதுக்குக் கீழ எடம் இருக்கான்னு பாத்துச் சொல்லு."

நான் குனிந்து பார்த்தேன். நிறைய இடம் இருந்தது.